பன்னிரண்டு கிளாஸ் கடிகாரம்

அத்தியாயம் 9

"மேடம், பன்னிரண்டு கிளாஸை எதிர்ல வரிசையா வெச்சுட்டு, தொடாதேன்னு சொல்றது மனித உரிமை மீறல். இதுக்குக் கமிஷன்லாம் இருக்கு."

கலியமூர்த்தி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். கட்டச் சொல்லி யாரும் சொல்லவில்லை. தன் கையைப் பற்றி அவனுக்கே தெரியும்.

"குடிங்க கலி. ஆனா ஒரு கிளாஸ் குறைஞ்சாலும் ஆறு மணிக்கு ஜெஸ்டின் மேல திருட்டுக் கேஸ் விழும். அப்புறம் உங்களுக்கு அது தொண்டையில இறங்குதான்னு பாருங்க" என்றாள் ஜஹபர் நிஷா.

"இப்பவே இறங்கல மேடம். வாசல்லயே நிக்குது."

மணி மூன்றே கால். புதுச்சேரியில், கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே, பழைய பிரெஞ்சு வீடு ஒன்றை பார் ஆக்கியிருந்தார்கள். பெயர் 'மூன்று ஜன்னல்'. கீழே ஆபீஸ். முதல் மாடியில் விருந்து ஹால், அதன் பின்பக்கம் தடுப்புச் சுவருக்கு அப்பால் பார் கவுண்டர். இரண்டாம் மாடியில் விருந்தாளிகள் பை வைக்கும் அறை. ஐந்து மணிக்குத்தான் கடை திறக்கும். அதனால் இப்போது உள்ளே இவர்கள் மட்டும்.

ஜஹபர் நிஷா இருபத்திரண்டு வருஷம் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவள். இப்போது முத்தியால்பேட்டையில், ஒரு ஃபலூடா கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம். வாழ்நாளில் ஒரு சொட்டு மது நாக்கில் பட்டதில்லை. கலியமூர்த்தி சினிமா தியேட்டரில் பத்து வருஷம் டார்ச் அடித்து ஆள்களை சீட்டில் உட்கார வைத்தவன். தியேட்டர் மூடியது, டார்ச் மட்டும் அவனோடு வந்துவிட்டது. நாக்கில் பட்ட சொட்டுகளுக்கு அவனிடம் கணக்கு கிடையாது.

கவுண்டருக்கு உள்ளே ஜெஸ்டின் நின்றிருந்தான். இருபத்தொன்பது வயது. இந்தப் பன்னிரண்டு கிளாஸையும் இப்போதுதான் ஊற்றி முடித்திருந்தான். ஒரு நீளக் கரண்டியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். கரண்டி பளபளவென்றுதான் இருந்தது. ஆனாலும் துடைத்தான்.

அவன் அம்மா இறந்து பதினெட்டு நாள். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் வேலைக்கு வந்துவிட்டான். அழவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு நம் கன்னத்தை நாமே கிள்ளிப் பார்ப்போமே, வேறு யாருடைய கன்னமோ மாதிரி இருக்குமே, அப்படித்தான் அவன் முழுசாக இருந்தான்.

நடந்தது இதுதான். நேற்று ஜூலை பதினாலு, பிரெஞ்சு தேசிய நாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா குடும்பம் ஒன்று இங்கே மதிய விருந்து வைத்தது. குடும்பத் தலைவர் அருளானந்தம், எழுபது வயது. தன் அப்பா போரில் வாங்கிய மெடலை ஒரு சின்ன வெல்வெட் பெட்டியில் கொண்டுவந்து எல்லாருக்கும் காட்டினார். நாலு மணி ஐந்து நிமிஷத்துக்குப் பெட்டியை இரண்டாம் மாடி அறையில் வைத்தார். நாலரை வாக்கில் போய்ப் பார்த்தால் இல்லை. தேடியதில் காலிப் பெட்டி மட்டும் கிடைத்தது. ஜெஸ்டினின் கவுண்டருக்குக் கீழே, ஐஸ் வாளிக்குப் பின்னால்.

நேற்றிலிருந்து வாசலில் வாட்ச்மேன் ஒவ்வொருவர் பையையும் பாக்கெட்டையும் சோதித்துத்தான் வெளியே விடுகிறான். மெடல் அகப்படவில்லை. இன்று ஆறு மணிக்குள் கிடைக்காவிட்டால் போலீஸ் என்று அருளானந்தம் சொல்லிவிட்டார்.

"நீங்க எடுத்தீங்களா?" என்று காலையிலேயே நிஷா கேட்டிருந்தாள்.

"தெரியல மேடம்."

"எடுத்தோமா இல்லையான்னு தெரியாதா?"

"நேத்து சாயந்திரம் ஞாபகமே இல்ல. ஊத்த ஆரம்பிச்சேன். ஊத்தி முடிச்சேன். நடுவுல ஒண்ணும் இல்ல. எல்லாரும் சொல்றாங்கன்னா எடுத்திருப்பேனோ என்னமோ."

அதைக் கேட்டு கலியமூர்த்தி தலையில் அடித்துக்கொண்டான். "தம்பி, ஸ்டேஷன்ல போய் இப்படிப் பேசாத. ஊர்ல காணாமப்போன ஆடு, சைக்கிள் எல்லாத்தையும் உன் பேர்ல எழுதிட்டு அவங்க நிம்மதியா வீட்டுக்குப் போயிடுவாங்க."

இந்த வழக்கை நிஷாவிடம் கொண்டுவந்தவள் ஜெஸ்டினின் அக்கா மெரின். மழலையர் பள்ளி டீச்சர். இப்போது சுவரோரம் ஒரு உயர ஸ்டூலில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மேடம், திங்கக்கிழமை இவன் மும்பையில கப்பல் ஏறணும். பெரிய சொகுசுக் கப்பல், பார்ல வேலை. நேத்து காலையிலதான் தேதி வந்துச்சு. போலீஸ் சான்றிதழ் இல்லாம ஏத்த மாட்டாங்க. கேஸ்னு ஒண்ணு வந்துட்டா அந்தச் சான்றிதழே கிடைக்காது. நாலு வருஷமா இதுக்காக எங்கம்மா முட்டி போடாத கோயில் இல்ல மேடம்."

ஜெஸ்டின் நிமிர்ந்து பார்க்கவில்லை. கரண்டியைத் திருப்பி மறுபக்கம் துடைத்தான்.

நிஷா பன்னிரண்டு கிளாஸ்களுக்கு நேராகக் குனிந்தாள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் உயரம். ஒரே மடக்கில் குடிப்பதற்கான அளவு; ஷாட் என்பார்கள். துளை போட்ட ஒரு நீளப் பலகையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொரு கிளாசிலும் மூன்று நிறம், கீழே சிவப்பு, நடுவில் வெள்ளை, மேலே நீலம். பிரெஞ்சுக் கொடி.

"கலக்காம எப்படி நிக்குதுன்னு தெரியுமா கலி?"

"தெரியாது மேடம். என்கிட்ட வந்தா அது நிக்கவே நிக்காது."

"ஃபலூடா போடறதைப் பார்த்திருக்கீங்கல்ல? ரோஸ் சிரப்பை முதல்ல ஊத்துவான். அது மேல பாலை மெதுவா விடுவான். சிரப்புல சர்க்கரை ஜாஸ்தி, அதனால கனம். பால் அதுக்கு மேல மிதக்கும். இங்கயும் அதேதான். கீழ மாதுளை சிரப், சர்க்கரைப் பாகு மாதிரி. நடுவுல தேங்காய் வாசனை வர்ற வெள்ளைச் சரக்கு, அதுல சர்க்கரை கொஞ்சம் கம்மி. மேல நீலம் கலந்த வோட்கா. அதுல சர்க்கரை ரொம்பக் கம்மி, சாராயம் ஜாஸ்தி. சாராயம் தண்ணியை விட லேசு. கனமானது கீழ, லேசானது மேல. மாத்தி ஊத்தினா நிக்காது."

"அந்தக் கரண்டி?"

"கரண்டியைக் கவுத்துப் பிடிச்சு அதோட முதுகுமேல ஊத்துவாங்க. வேகம் செத்துப்போய் வழுக்கிக்கிட்டு இறங்கும். கீழ இருக்கிறதைக் குத்தாது. ஒரு கிளாசுக்கு எவ்வளவு நேரம் ஜெஸ்டின்?"

"ரெண்டு நிமிஷம் மேடம்."

"எல்லா கிளாசுலயும் முதல்ல சிவப்பை ஊத்திட்டு, அப்புறம் எல்லாத்துலயும் வெள்ளைன்னு ஊத்தினா சீக்கிரம் முடியுமே?"

"மத்தவங்க அப்படித்தான் ஊத்துவாங்க. எனக்கு வராது. ஒண்ணை முடிச்சாத்தான் அடுத்தது. அம்மா தோசை சுடுற மாதிரி."

அம்மா என்ற சொல் அவன் வாயிலிருந்து, கதவு, நாற்காலி என்பதுபோல வந்தது. மெரின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இந்த மூணு நிறமும் அப்படியே அசையாம நிக்குதுன்னு நினைச்சுக்கறோம்" என்று நிஷா தொடர்ந்தாள். அவள் குரலில் பழைய ஆய்வகத்தின் வெளிச்சம் வந்தது. "அசையாம எதுவும் நிக்கறதில்லை. யாரும் தொடாமலே சிவப்பு கொஞ்சம் கொஞ்சமா வெள்ளைக்குள்ள போகும். அந்த எல்லையில ஒரு ரோஸ் கோடு வரும். ஊத்தின உடனே முடி மாதிரி இருக்கும். நேரம் ஆக ஆகத் தடிக்கும். அப்ப இது என்ன?"

"வேஸ்டாப் போற சரக்கு."

"கடிகாரம். ஒரு கிளாஸ் இல்ல, பன்னிரண்டு கடிகாரம். ஒண்ணுக்கொண்ணு ரெண்டு நிமிஷம் பின்னால. கலி, டார்ச்."

கலியமூர்த்தி கிளாஸ்களுக்குப் பின்னாலிருந்து டார்ச் அடித்தான். வெளிச்சம் நிறங்களைத் துளைத்து வந்தது. இடது கோடியில் முதலில் ஊற்றிய கிளாசில் ரோஸ் கோடு தையல் நூல் இரண்டு இழை தடிமன். வலது கோடியில் கடைசி கிளாசில் அது முடியளவு. நடுவில் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தது. பக்கத்துப் பக்கத்து கிளாஸ்களுக்கு வித்தியாசம் தெரியாத அளவுக்குச் சீரான சரிவு. நிஷா தன் போனில் படம் எடுத்தாள்.

"இது எங்கயும் நிறுத்தாம ஊத்தினது. நேத்து ஊத்தினதோட படம் நம்மகிட்ட இருக்கு. அருளானந்தம் ஐயாவோட பொண்ணு, குடிக்கிறதுக்கு முன்னாடி, நாலு முப்பதுக்கு ஜன்னல் பக்கம் பலகையை வெச்சு எடுத்திருக்காங்க. பின்னாடி வெயில். டார்ச் அடிச்ச மாதிரியே விழுந்திருக்கு. அதுலயும் சரிவு சீரா இருந்தா, இவர் கவுண்டரை விட்டு நகரலைன்னு அர்த்தம். நகராதவர் மாடி ஏறி மெடலை எடுக்க முடியாது."

மெரின் ஸ்டூலிலிருந்து இறங்கினாள். "நிஜமாவா மேடம்?"

அப்போது படியில் செருப்புச் சத்தம். மேனேஜர் இராமதாஸ் வந்தார். ஐம்பது வயது, வெள்ளைச் சட்டை, நெற்றியில் வியர்வை. பன்னிரண்டு கிளாஸையும் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"இன்னா மேடம் இது? துப்பறியறதுன்னு சொல்லிட்டு விருந்தே வெச்சிட்டீங்க."

"விருந்துன்னா குடிக்க விடுவாங்க சார்" என்றான் கலியமூர்த்தி. "இது ஷோகேஸ்."

"சார், ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன்" என்றாள் நிஷா. "நேத்து நாலு மணியிலேர்ந்து நாலரை வரைக்கும் நீங்க?"

"எத்தினி தடவை சொல்றது? கீழ ஆபீஸ்ல. டேபிள்ல. இன்னிக்கு வரவேண்டிய சாமானுக்கு லிஸ்ட் எழுதிட்டு இருந்தேன்."

"நடுவுல எழுந்து போகல?"

"ஒரு நிமிஷம் கூட நகரல. யாரும் உள்ள வரவும் இல்ல."

"சார், தப்பா நினைக்காதீங்க" என்று கலியமூர்த்தி புகுந்தான். "கீழ உங்க ஆபீஸ் ஷெல்ஃப்ல புது ஹெல்மெட் ஒண்ணு பார்த்தேன். ஆனா காலையில வண்டியில வந்தப்ப உங்க தலை காத்தாட வந்துச்சே? ஹெல்மெட்டைப் பத்திரமா உள்ள வெச்சுட்டு, தலையை மட்டும் ரோட்டுக்கு எடுத்துட்டுப் போற ஆளை இப்பத்தான் பார்க்கறேன்."

"வெயிலுய்யா. தலை புழுங்குது" என்றார் இராமதாஸ்.

நிஷா இதில் கலந்துகொள்ளவில்லை. ஒரு கையில் தன் போன், மறு கையில் மெரினின் போன். அதில் அருளானந்தத்தின் மகள் அனுப்பிய நேற்றைய படம் இருந்தது. பெரிதாக்கி, ஒவ்வொரு கிளாசாக நகர்த்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நூல் மெல்ல மெல்லத் தேய்ந்தது. ஆறு. ஏழு. எட்டு.

ஒன்பதில் அவள் விரல் நின்றது.

மறுபடி எட்டுக்கு வந்தாள். மறுபடி ஒன்பது. எட்டாவது கிளாசின் கோடு நன்றாகத் தடித்திருந்தது. ஒன்பதாவதில் பாதிதான். நடுவே சரிவு இல்லை, படிக்கட்டு இருந்தது.

"என்ன மேடம்?" என்றாள் மெரின்.

"எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவுல ஊத்தறது நின்னிருக்கு. தோராயமா பத்து நிமிஷம்." நிஷா பின்னோக்கி எண்ணினாள். "நாலு முப்பதுக்குப் படம். பலகையை ஜன்னலுக்குக் கொண்டுபோக ரெண்டு நிமிஷம். கடைசி நாலு கிளாசுக்கு எட்டு நிமிஷம். அப்ப நாலு பத்திலேர்ந்து நாலு இருபது வரைக்கும் ஜெஸ்டின் இந்தக் கவுண்டர்ல இல்ல."

மெடல் போன நேரம் அதேதான்.

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார் இராமதாஸ். வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "காலிப் பெட்டி இங்கதானே கிடைச்சுது. பாவம், அம்மா செத்த துக்கம், புத்தி பிசகிடுச்சு. நானே அருளானந்தம் சாருக்குப் போன் பண்ணிடறேன்."

"மேடம்!" மெரினின் குரல் உடைந்தது. "இவனைக் காப்பாத்தத்தானே உங்ககிட்ட வந்தேன்? நீங்களே நிரூபிச்சுக் கொடுத்துட்டீங்களே!"

ஜெஸ்டின் கரண்டியைக் கீழே வைத்தான். "விடுக்கா. நான்தான் போல."

கலியமூர்த்தி டார்ச்சை அணைத்தான்.

நிஷா ஜெஸ்டினையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கிளாசை முடிக்காமல் அடுத்ததைத் தொடாத கை இது. அந்தக் கை எட்டை முடித்துவிட்டு, ஒன்பதைத் தொடாமல், பத்து நிமிஷம் எங்கோ போயிருக்கிறது. மூளைக்குத் தெரியாமல் கை போகும் இடம் என்றால், அது தினமும் போகும் இடமாகத்தான் இருக்க வேண்டும்.

"ஜெஸ்டின், நேத்தை விடுங்க. மத்த நாள்ல நாலு மணிக்கு மேல என்ன பண்ணுவீங்க?"

"கடை திறந்திருக்காது. டீ பிரேக். அம்மாகிட்ட பேசுவேன்."

"எதுல? டியூட்டியில போனைப் பெட்டியில போட்டுப் பூட்டிடுவாங்களே."

"கீழ ஆபீஸ் போன்ல. எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச ஒரே நம்பர் அம்மா நம்பர்தான்."

"மேனேஜர் திட்ட மாட்டாரா?"

"அவர் அந்த நேரத்துல இருக்க மாட்டார். தினம் நாலு மணிக்கு தெருமுனை டீக்கடைக்குப் போயிடுவார். நாலரைக்குத்தான் வருவார்."

"இப்பவும் பேசறீங்களா?"

ஜெஸ்டின் அவளைப் புரியாமல் பார்த்தான். "அம்மா செத்துட்டாங்களே மேடம்."

நிஷா மெரின் பக்கம் திரும்பினாள். "உங்கம்மா போன் எங்க இருக்கு?"

மெரின் கைப்பையை இன்னும் இறுக்கினாள். "என்கிட்டதான். கேஸ் சிலிண்டர் புக் பண்ற நம்பர் அதுலதான் இருக்கு, அதனால சார்ஜ் போட்டு வெச்சிருக்கேன். சைலண்ட்ல. ஆனா திறந்து பார்க்கறதில்ல மேடம். திறந்தா அவங்க போட்டோ வருது."

"இப்ப திறங்க."

பழைய போன். மூலையில் கண்ணாடி விரிசல். மெரின் திறந்தாள். திரையைப் பார்த்தவள், வாயைப் பொத்திக்கொண்டு போனை அப்படியே நிஷாவிடம் நீட்டினாள்.

எடுக்காத அழைப்புகள். எல்லாம் ஒரே நம்பர், புதுச்சேரி லேண்ட்லைன். ஜெஸ்டின் வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து தினமும் ஒன்று, நாலு மணி தாண்டி. நேற்று மட்டும் ஏழு. முதலாவது நாலு பதினொன்று. கடைசி நாலு இருபது.

நிஷா அந்த நம்பரை ஒரு முறை அழுத்தினாள்.

கீழே ஆபீஸில் போன் அடித்தது. காலி வீட்டில் அந்தச் சத்தம் படி ஏறி மேலே வந்தது. அடித்து அடித்து ஓய்ந்தது.

"இராமதாஸ் சார்" என்றாள் நிஷா. "நேத்து நாலு பதினொண்ணுலேர்ந்து நாலு இருபது வரைக்கும், உங்க டேபிள் மேல இருக்கிற போன்ல ஒருத்தர் ஏழு தடவை டயல் பண்ணியிருக்கார். நீங்க ஒரு நிமிஷம் கூட நகரல. யாரும் உள்ள வரல. அப்ப உங்க மடியில உட்கார்ந்து பேசினாரா?"

இராமதாஸ் உதட்டை நனைத்தார். "நான்... பாத்ரூம்..."

"டீக்கடைன்னு சொல்லியிருந்தா நாங்க நம்பியிருப்போம் சார். தினமும் போற இடம். ஆனா நேத்து அங்க போகல, டீக்கடைக்காரர் உண்மையைச் சொல்லிடுவார். அதனால ஆபீஸ்ல இருந்தேன்னு சொன்னீங்க. அந்த நேரத்துல அந்த ரூமுக்குப் போன் பேச ஒருத்தர் தினம் வருவார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் அப்ப இருக்கவே மாட்டீங்களே. மாடிக்குப் போனீங்க. இறங்கறப்ப கவுண்டர் காலியா இருந்துச்சு. பெட்டியை இங்க போட்டுட்டீங்க."

"பேச்சுக்கு என்ன, என்ன வேணா பேசலாம். மெடல் எங்க? வாட்ச்மேன் என்னையும்தான் தடவிப் பார்த்தான்!"

"பையைப் பார்த்தான். பாக்கெட்டைப் பார்த்தான்" என்றாள் நிஷா. "கலி..."

கலியமூர்த்தி அங்கே இல்லை. படியில் தடதடவென்று இறங்கும் சத்தம் மட்டும். இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்தான். தலையில் புது ஹெல்மெட்.

"மேடம், உள்ள ஸ்பாஞ்சு ஒரு பக்கம் குத்துது. என் தலையில மூளை இருக்கிற பக்கம்னு முதல்ல சந்தோஷப்பட்டேன்."

கழற்றித் திருப்பினான். உள்துணியில் ஒரு இடம் பிரித்து மறுபடி ஒட்டியிருந்தது. விரலை விட்டு இழுத்ததும் மங்கிய ரிப்பனோடு மெடல் வெளியே வந்தது. தலையில் மாட்டிய ஹெல்மெட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லி எந்த வாட்ச்மேனும் கேட்பதில்லை. பரபரப்பு அடங்கிய ஒரு நாள் அது இராமதாஸின் தலையில் ஏறி ரோட்டுக்குப் போயிருக்கும்.

இராமதாஸ் சுவரோரம் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். யாரும் அவரைப் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டியிருக்கவும் இல்லை.

ஐந்து மணிக்கு அருளானந்தம் வந்தார். மெடலை இரு கையாலும் வாங்கினார். "மெர்சி, மெர்சி" என்று நிஷாவுக்குப் பிரெஞ்சில் இரண்டு தடவை நன்றி சொன்னார். பிறகு ஜெஸ்டினின் தோளில் கை வைத்தார். "நான் அவசரப்பட்டுட்டேம்ப்பா. நல்லபடியாக் கப்பல் ஏறு."

"பரவால்ல சார்" என்றான் ஜெஸ்டின், அதே குரலில்.

மேற்கொண்டு என்ன செய்வது என்று பேச அருளானந்தம் இராமதாஸைக் கீழே கூட்டிப்போன பிறகு, கலியமூர்த்தி பன்னிரண்டு கிளாஸ்களின் பக்கம் வந்தான். கொடி இப்போது கொடியாக இல்லை. சிவப்பும் வெள்ளையும் சேரும் இடம் அகலமான ரோஸ் பட்டையாகியிருந்தது.

"இப்ப குடிக்கலாம் கலி" என்றாள் நிஷா.

அவன் ஒரு கிளாசை எடுத்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். திரும்பத் துளையிலேயே வைத்தான். "வேணாம் மேடம். டைம் பார்த்துட்டு கடிகாரத்தைக் குடிக்கறதா?"

ஜெஸ்டின் கவுண்டரைச் சுற்றிக்கொண்டு அக்காவிடம் வந்தான். கையை நீட்டினான். மெரின் அம்மாவின் போனைக் கொடுத்தாள். அவன் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாக மெல்லத் தள்ளிப் பார்த்தான். வேறு யாரோ எழுதிய கடிதத்தைப் படிப்பவன் மாதிரி.

"நேத்து ஏழு தடவை" என்றான்.

"ம்."

"கப்பல் தேதி வந்துச்சுல்ல. அதைச் சொல்லலாம்னு இருந்திருப்பேன்." பட்டியலை மறுபடி மேலே தள்ளினான். "ரிங் போச்சாக்கா?"

"போச்சுடா. நான்தான் சைலண்ட்ல வெச்சிருந்தேன்."

அவன் தலையாட்டினான். "அம்மா எப்பவுமே லேட்டாத்தான் எடுப்பாங்க."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கிளாஸ்களைக் கழுவ எடுத்துக்கொண்டு போனான். குழாய்த் தண்ணீர் சத்தம் கேட்டது. நடுவே ஒரு கிளாஸ் தொட்டியில் விழுந்து உடைந்தது. அதன் பிறகு தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. கழுவும் சத்தம் இல்லை.

மெரின் உள்ளே போக எழுந்தாள். நிஷா வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள்.

மெரின் உட்கார்ந்தாள். மடியில் இருந்த போனை எடுத்து, அதன் சத்தத்தை முழுசாகக் கூட்டி வைத்து, பைக்குள் போட்டுக்கொண்டாள்.